தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா? கூலன்ட் சூட்டை வைத்தே கண்டுபிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளம்பி என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போகிற கார், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. முதலில் கீ ரிட்ஜ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில், பிறகு வான் ரீனன் கணவாய். டர்பனுக்குள்ளேயே சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் நடுவே ஓடும்போது வாய் திறக்காத கோளாறெல்லாம் இந்த ஏற்றங்களில்தான் வெளியே வரும். வந்ததும் பலர் செய்வது இரண்டே வேலை: ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது, தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை) கழற்றி எறிவது. இரண்டும் தவறு. சூடு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கவனித்தாலே எந்தப் பாகம் கெட்டது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பாகம் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) பாட்டில் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே 1 பார் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலான நீர் இருக்கும். திறந்த நொடியில் முகத்துக்கு வரும். நிறுத்தி ஒரு மணி நேரமாவது கழித்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) கைக்கு மெத்தென்று இருந்தால் மட்டும் தடித்த துணி போட்டுத் திறங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். முந்தானை, ஷால், தளர்ந்த சட்டைக் கை எதுவும் பானெட்டுக்குள் தொங்கக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல ஃபோக்ஸ்வாகன்களில் உண்மையான சூடு 75 டிகிரியானாலும் 105 ஆனாலும் முள் 90-லேயே நிற்கும்; ஓட்டுநர் பதறக் கூடாது என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். வேறு பல கார்களிலும் இதே கதைதான். சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் எதுவும் இல்லை. ஆகவே ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் படிக்கும் சாக்கெட்) செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்றும், கூலன்ட் சூட்டை எண்ணாகக் காட்டும் ஆப் ஒன்றும் வேண்டும். இஎல்எம்327 வகை மலிவு டாங்கிளே இதற்குப் போதும்.

கார்புரேட்டர் காலத்து டொயோட்டா டாஸ், ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் போன்றவற்றில் ஓபிடி கிடையாது. அவற்றுக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்தான் வழி. அதை பளபளப்பான அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைந்த எண் வரும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் (அது உட்கார்ந்திருக்கும் கூட்டில்) ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் காட்டிப் படியுங்கள். உலோகத்தின் வெளிப்புறம் உள்ளே இருக்கும் நீரைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாக இருப்பது இயல்பு.

நல்ல வண்டி எப்படிக் காட்டும்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் பிரித்தறிய முடியாது. டர்பனில் 20 டிகிரி காலையில், சிறிய பெட்ரோல் எஞ்சின், மெதுவான ஓட்டம் என்றால் ஏறக்குறைய 10 நிமிடத்தில் கூலன்ட் 80-ஐத் தாண்டிவிடும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் ஜூலை மாத உறைபனிக் காலையில் 15 நிமிடம் ஆகலாம். டீசல் பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) அதைவிடக் கூடுதலாகும்.

எண் ஒரே சீராக ஏறும். தெர்மோஸ்டாட்டின் மேல் குத்தியிருக்கும் சூட்டுக்கு (82, 87, 88 என்று வண்டிக்கு வண்டி மாறும்) அருகே வந்ததும் ஏற்றம் தயங்கும். ரேடியேட்டரில் நின்றிருந்த குளிர்ந்த நீர் உள்ளே வருவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, மறுபடி ஏறி, பிறகு நிலைக்கும். அந்தச் சின்னத் தயக்கம் தெரிந்தால் தெர்மோஸ்டாட் திறக்கிறது என்று நம்பலாம். அதன் பிறகு சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடினால் எண் நாலைந்து டிகிரிக்குள்ளேயே ஆடும். நெரிசலில் நின்றால் 95, 100 வரை ஏறி, ஃபேன் சுற்றி, 92 வாக்கில் இறங்கி, மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நோயல்ல.

ஒரு விலக்கு உண்டு. ஹவுசிங்கில் மின் கனெக்டர் செருகிய எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட் உள்ள கார்களில் 105 டிகிரிகூட இயல்பான எண்ணாக இருக்கலாம். உங்கள் வண்டியின் இயல்பு எண் என்ன என்று நன்றாக ஓடுகிற காலத்திலேயே பார்த்துக் குறித்து வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

அறிகுறி 1: சூடு ஏறவே மாட்டேன் என்கிறது, அல்லது நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது

முதலில் கூலன்ட் மட்டம். குளிர்ந்த எஞ்சினில் பாட்டிலில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மட்டம் மிகவும் இறங்கினால் சென்சாரின் முனை நீருக்குப் பதில் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சென்சார் குறைந்த எண்ணைக் காட்டும். இந்த அறிகுறியில் ஆபத்தானது இது ஒன்றுதான்.

அடுத்தது சென்சார். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, ஆப்பில் கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் வெளிக்காற்றோடு ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலன்ட் மட்டும் 10, 15 டிகிரி விலகி நின்றால் சென்சாரோ அதன் கனெக்டரோ பொய் சொல்கிறது. மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. டர்பன் பக்கம் கடற்காற்றில் கனெக்டர் பின் பச்சை பூத்துப்போவது சாதாரணம். மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரின் இரு பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் இருக்கும்.

மூன்றாவது, ஃபேன். காலையில் கிளப்பியதுமே ஏசி போடாமலே ஃபேன் சுற்றுகிறதா? ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது யாரோ ஒருவர் வயரை நேராகப் பாட்டரியில் கட்டியிருப்பார். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இவை மூன்றும் சரி என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது முன்பே கழற்றி எறியப்பட்டிருக்கிறது. உறுதி செய்ய சாலைச் சோதனை போதும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நெடுஞ்சாலையில் மணிக்கு 100-ல் பத்து நிமிடம் ஏசி போடாமல் ஓட்டுங்கள். எண் 85-லிருந்து 70, 65 என்று இறங்குகிறதா? வெளியேறும் வழியில் இறங்கி ரோபாட்டில் (சிக்னலில்) நின்றதும் மறுபடி 85-க்கு ஏறுகிறதா? அப்படியானால் வேறு சந்தேகமே வேண்டாம். காற்று வேகமாகப் பட்டால் குளிர்வதும், நின்றால் சூடாவதும் திறந்தே கிடக்கும் தெர்மோஸ்டாட்டின் கைரேகை. இன்னொரு சான்றும் உண்டு: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள்ளேயே ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸும் எஞ்சினோடு சேர்ந்து சிறிது சிறிதாகச் சூடேறினால் நீர் முதலிலிருந்தே ஓடுகிறது என்று அர்த்தம். (இந்த ஹோஸ் சான்று தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் உள்ள எஞ்சின்களுக்கு மட்டும், அந்த வேறுபாடு அடுத்த அறிகுறியில் வருகிறது.)

ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு (கோட்) வந்திருந்தால், கூலன்ட் எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்கிறது கம்ப்யூட்டர். பெரும்பாலும் காரணம் தெர்மோஸ்டாட்தான், ஆனால் கூலன்ட் குறைந்தாலும் இதே குறியீடு வரும். பி0117, பி0118 என்றால் சென்சாரையும் வயரையும் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டியதில்லை.

டர்பன் கோடையில் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். வெளியே 30 டிகிரி இருக்கும்போது திறந்த தெர்மோஸ்டாட்டோடும் எஞ்சின் எப்படியோ 80-ஐ எட்டிவிடும். ஜூலைக் குளிரில் மேட்டுநிலத்து ஹாரிஸ்மித் பக்கம் போகும்போதுதான் ஹீட்டர் வெறும் காற்றை ஊதும், பெட்ரோல் முள் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். வண்டி நடுவழியில் நிற்காது. இன்றைக்கே மாற்ற வேண்டும் என்ற அவசரம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் விட்டால் எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், ஆயில் மூடியின் அடியில் மயோனைஸ் மாதிரிப் படியும். அந்தப் படிவைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே உள்ள சீல்) போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம்.

அறிகுறி 2: கிளப்பிய சில நிமிடத்திலேயே சூடு சிவப்புக்கு ஓடுகிறது

உடனே ஓரங்கட்டுங்கள். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். எண் இறங்கத் தொடங்காவிட்டால், அல்லது ஆவி தெரிந்தால், எஞ்சினை அணையுங்கள். அடுத்த கராஜ் வரை போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் சிலிண்டர் ஹெட் வளைகிறது.

அப்படி ஹீட்டரை வைத்தபோது என்ன காற்று வந்தது? இந்தக் கேள்விதான் இந்த அறிகுறியின் திறவுகோல். ஹீட்டருக்குப் போகும் நீர் பெரும்பாலான எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிப் போவதில்லை, தனி வழியில் போகிறது.

*ஹீட்டர் கொதிக்கக் கொதிக்க ஊதுகிறது.* நீர் எஞ்சினுக்குள் சுற்றுகிறது, அதைச் சுற்றவைக்கும் பம்ப் வேலை செய்கிறது, ரேடியேட்டருக்கு மட்டும் போகவில்லை. தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டியிருப்பதற்கான வலுவான அறிகுறி இது. ஹோஸ்களை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். எஞ்சின் 105-ஐத் தாண்டியும் கீழ் ஹோஸ் 35, 40-லேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. எல்லா எஞ்சினிலும் தெர்மோஸ்டாட் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் இடத்தில் இருந்தால், மூடிக்கொண்ட தெர்மோஸ்டாட்டில் மேல் ஹோஸும் குளிர்ந்தே கிடக்கும். கீழ் ஹோஸ் பம்புக்குள் நுழையும் இடத்தில் இருந்தால் (பல டொயோட்டாக்களில் அப்படித்தான்), மேல் ஹோஸ் கொதிக்கும், ரேடியேட்டரின் மேல்பகுதிகூட சூடாக இருக்கும், கீழ் ஹோஸ் மட்டும் சில்லென்று இருக்கும். மேல் ஹோஸ் சூடாக இருப்பதைப் பார்த்து தெர்மோஸ்டாட் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது இந்த வண்டிகளில் தப்பு. எந்த ஹோஸைப் பின்தொடர்ந்தால் இரண்டு மூன்று போல்ட்டு போட்ட சிறிய ஹவுசிங்குக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் அங்கே இருக்கும்.

*ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதுகிறது.* கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டது, அல்லது பம்ப் சுற்றவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். நிறைய குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள்: ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம், பம்பின் அடியில் உள்ள சிறிய துளை. போலோ, விவோ 1.4 எஞ்சின்களில் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் இருக்கும் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் விரிசல் விடுவது நன்கு தெரிந்த நோய். நீர் கியர்பாக்ஸ் மேல் ஒழுகிச் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டுகூடத் தெரியாது. இளஞ்சிவப்பு உப்புப் படிவு மட்டும் காட்டிக்கொடுக்கும். மட்டம் சரியாக இருந்தும் ஹீட்டர் குளிர்ந்தே ஊதினால் பம்ப். அந்த எஞ்சின்களில் பம்ப் டைமிங் பெல்ட்டால் சுற்றுவது. கையேடும் டைமிங்கைப் பூட்டிப் பிடிக்கும் கருவியும் இல்லாமல் கை வைக்கக் கூடாது. மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

*ஃபேன் சுற்றவில்லையே, அதுதான் காரணமா?* அவசரப்பட்டு ஃபேன் வாங்காதீர்கள். சிட்டி கோல்ஃப் போன்ற வண்டிகளில் ஃபேனை ஓட்டும் ஸ்விட்ச் ரேடியேட்டரிலேயே திருகியிருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டால் சூடான நீர் ரேடியேட்டரை எட்டாது, ஸ்விட்ச் சூட்டை அறியாது, எஞ்சின் கொதித்தாலும் ஃபேன் அசையாது. ஸ்விட்சின் இரண்டு வயரை ஒரு துண்டு கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் அதில் குற்றமில்லை. ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால் குற்றவாளி தெர்மோஸ்டாட்.

*மூன்றாவது சாத்தியம், விலை அதிகமானது.* குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், பாட்டிலில் இடைவிடாமல் குமிழி வந்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இந்தக் கட்டத்தில் நீங்களே செய்யத் தகுந்த சோதனை ஒன்றுதான்: நீல நிற ரசாயனம் ஊற்றிய குழாயைக் கூலன்ட் மட்டத்துக்கு மேலே வைத்து ஆவியை இழுப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

அறிகுறி 3: ரோபாட்டிலும் நெரிசலிலும் ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது

இது தெர்மோஸ்டாட் இல்லை. ஈஸ்டர் வார இறுதியில் மூய் ரிவர் சுங்கச்சாவடி வரிசையில் பானெட் திறந்து நிற்கிற வண்டிகளில் பலவற்றுக்கு ஃபேன் கோளாறு. ஏசியைப் போடுங்கள்: ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (அதே அளவு வேறு ரிலேயோடு மாற்றிப் பாருங்கள்), பிறகு ஃபேன் மோட்டார். ஏசி போட்டால் சுற்றுகிறது, சூடு ஏறும்போது சுற்றவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது சென்சார். பல கார்களில் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினாலே கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டும். அப்போது சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நலம். சோதித்து முடித்ததும் கனெக்டரை மாட்டி, பதிந்த பிழைக் குறியீட்டை அழியுங்கள்.

அறிகுறி 4: ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது

ஊருக்குள் சரியாக இருக்கிறது, சமதளத்தில் சரியாக இருக்கிறது, ஃபீல்ட்ஸ் ஹில்லிலோ டவுன் ஹில்லிலோ ஆட்களும் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு ஏறும்போது 105, 110 என்று போகிறது. தெர்மோஸ்டாட் பாதி மட்டும் திறந்தாலும் இப்படி ஆகும், ஆனால் அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும்.

மலிவானதிலிருந்து வாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா? மூடியின் மேல் 0.9, 1.1 என்று பார் அளவு இருக்கும். அதே அளவில் புதியது போடுங்கள். டர்பனில் அழுத்தமே இல்லாத மூடியோடும் நீர் 100 டிகிரி வரை கொதிக்காது. ஜோகன்னஸ்பர்க்கில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 0.83 பார்தான், அங்கே வெறும் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபேன் தொடங்கும் சூட்டுக்கு முன்பே! கீழே ஓடிய வண்டி மேலே போனதும் கொதிப்பதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

அடுத்து ரேடியேட்டரின் வெளிப்புறம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் புல்லும் கரும்புச் சோகையும் மெத்தை போல அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மிதமான அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். உயர் அழுத்த பம்பை வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பிறகு உள்ளடைப்பு: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் முகம் முழுவதையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கட்டம் கட்டமாகப் பாருங்கள். நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. ரேடியேட்டரை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

இவையெல்லாம் சரி, இன்னும் ஏற்றத்தில் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் சோதியுங்கள். அதுவும் தேறினால் பம்பும் கேஸ்கெட்டும்தான் மிச்சம். அது மெக்கானிக்கின் வேலை.

அறிகுறி 5: எண் தாறுமாறாக ஆடுகிறது

ஒரு நொடியில் 90-லிருந்து 60, மறுபடி 90 என்று குதித்தால் அது வயர். நீரின் சூடு நொடியில் 30 டிகிரி மாற முடியாது. மெதுவாக 80-லிருந்து 100-க்கு ஏறி, சடாரென்று 82-க்கு விழுந்து, மறுபடி ஏறினால் தெர்மோஸ்டாட் சிக்கிச் சிக்கித் திறக்கிறது; மாற்றிவிடுங்கள், இன்றோ நாளையோ முழுதும் மூடிக்கொள்ளும். கூலன்ட் மாற்றிய மறுநாள் தொடங்கியது, ஹீட்டர் சூடும் குளிருமாக மாறி மாறி ஊதுகிறது, டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்கிறது என்றால் உள்ளே காற்று நிற்கிறது. காற்றை வெளியேற்றும் முறை கீழே இருக்கிறது.

கழற்றி வெந்நீரில் சோதிப்பது

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, ரேடியேட்டர் அடியில் பாத்திரம் வைத்துக் கூலன்ட்டை வடியுங்கள். சிறு பெட்ரோல் எஞ்சினில் மொத்தம் 4 முதல் 6 லிட்டர் இருக்கும். தெர்மோஸ்டாட் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும். வடித்ததை நாய், பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். அது இனிப்பாக இருக்கும், குடித்தால் கொல்லும்.

தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியில் படாமல் நீரில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். வால்வின் இடுக்கில் நூலைச் செருகித் தொங்கவிடுவது நல்ல உத்தி: திறக்கத் தொடங்கிய நொடியில் நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழும், அந்த நேரத்துச் சூட்டைக் குறித்துக்கொள்ளலாம். குத்தியிருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி இப்படியோ அப்படியோ திறந்தால் சரி. முழுவதும் திறக்க அதற்கு மேலும் 10 முதல் 15 டிகிரி வேண்டும். அப்போது வால்வு 8 மில்லிமீட்டராவது எழும்ப வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க், ப்ரிட்டோரியா பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: உங்கள் சமையலறையில் நீர் 95, 96-க்கு மேல் போகாது. 82 எண் தெர்மோஸ்டாட்டே அதில் முழுதாகத் திறக்கச் சற்றுத் திணறும். 87, 88 எண் உள்ளவை பாதிதான் திறக்கும். அதைப் பார்த்து நல்ல தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடாதீர்கள். திறக்கத் தொடங்கும் சூட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். பிறகு வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வால்வைச் சுற்றி ஒளி தெரியக் கூடாது. அறைச் சூட்டிலேயே திறந்து கிடப்பதைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

புதியதைப் போடும்போது

அதே எண் கொண்டதையே வாங்குங்கள். டர்பன் வெயிலுக்கு 76 நல்லது, 71 நல்லது என்று கடையில் சொல்வார்கள். கொதிக்கும் வண்டியைக் குறைந்த எண் குணப்படுத்தாது. கொதிப்பை இரண்டு நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ரப்பர் சீலைக் கட்டாயம் மாற்றுங்கள். ஹவுசிங் முகத்தில் பழைய சீல் படிவைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். உலோகக் கத்தி அலுமினியத்தில் கீறல் போடும், அங்கிருந்து கசியும். விளிம்பில் ஆடும் சிறிய பின் ஒன்று இருந்தால் அது மேல்பக்கம், பன்னிரண்டு மணி நிலையில் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது. ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் சிறிய போல்ட்டுகளை 9, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காதீர்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்கில் இந்தத் தப்புதான் அதிகம் நடக்கிறது.

கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. டர்பனில் உறைபனி இல்லையே என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதால்தான் தெர்மோஸ்டாட்டின் தண்டு உப்பும் துருவும் படிந்து சிக்குகிறது. ஏற்கெனவே உள்ள வகையோடு வேறு வகையைக் கலக்க வேண்டாம். என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவி விட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

காற்றை வெளியேற்ற, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விடுங்கள், குமிழி வரும். காற்றுத் திருகு இருக்கும் வண்டிகளில் அதிலிருந்து குமிழியில்லாமல் நீர் வரும் வரை திறந்து வையுங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள்.

போலோ 1.0 டிஎஸ்ஐ வகை எஞ்சின்களில்

இவற்றில் இரண்டு தெர்மோஸ்டாட்டும் பம்பும் ஒரே பிளாஸ்டிக் தொகுதியில், தனிச் சிறு பெல்ட்டோடு இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டைத் தனியாக எடுத்து வெந்நீரில் போடும் வேலை இங்கே பொருந்தாது. மேலே உள்ள சாலைச் சோதனைகளைச் செய்து, எண்களை எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டினால்?

சூடான ஊருக்கு அது தேவையில்லை என்ற பேச்சு இங்கே பரவலாக இருக்கிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் கீழே இன்னொரு சிறிய தட்டு இருக்கும். பிரதான வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கொதிப்பைத் தடுக்கக் கழற்றியதே ஏற்றத்தில் கொதிக்க வைக்கும். சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலைக் குடித்து, சிலிண்டரைத் தேய்க்கும். நடு வழியில் மூடிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு வீடு வந்து சேர்வது வேறு விஷயம்; வந்த மறுநாள் புதியதைப் போட்டுவிட வேண்டும்.

மாற்றிய பிறகு

மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். காற்று வெளியேறிய இடத்துக்கு நீர் இறங்கியிருக்கும். மூன்றாவது நாளும் குறைந்தால் எங்கோ கசிகிறது. டாங்கிளைச் செருகி நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓட்டுங்கள். எண் நாலைந்து டிகிரிக்குள் நின்றால் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிடலாம். புதிய தெர்மோஸ்டாட் போட்டும் 105-ஐத் தாண்டினால் இன்னொரு தெர்மோஸ்டாட் வாங்காதீர்கள். நீல ரசாயனச் சோதனையைச் செய்யுங்கள், அல்லது செய்யக்கூடிய பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போங்கள்.